ஔவை சண்முகம்: தந்தையின் வேடமும் மகனின் வேடமும்

ஔவை சண்முகம் என்று அறியப்படும் தி. க. சண்முகம் (26 ஏப்ரல் 1912 – 15 பிப்ரவரி 1973) தமிழ் நாடக மேடையின் முதன்மையான நடிகர்களுள் ஒருவர். டி.கே.எஸ். சகோதரர்கள் நால்வரில் மூன்றாமவர். நடிகராகவும், நாடகக் குழுவை நடத்தியவராகவும், நாடக வரலாற்றை எழுதியவராகவும் இயங்கியவர். 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னையில் முன்பு லாயிட்ஸ் சாலை எனப்பட்ட சாலை இன்று அவர் பெயரால் ஔவை சண்முகம் சாலை எனப்படுகிறது.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் பல இடங்களில் கிடைக்கின்றன. இக்கட்டுரை அவற்றைத் தொகுப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து அவருடைய கலை வாழ்வை மதிப்பிட முயல்கிறது. சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேடம் கட்டிய நடிகர். மகனுக்கும் நிலைத்த புகழைத் தந்தது ஒரு பெண்வேடமே. அந்த வேடம் அவருடைய பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. தந்தையின் வேடத்துக்கும் மகனின் வேடத்துக்கும் இடையில் மாறியது என்ன?

நாடகக் குடும்பம்

வாரிசு என்ற சொல்லை இன்று நாம் ஏளனமாகவே பயன்படுத்துகிறோம். தந்தை சேர்த்து வைத்ததை உழைப்பின்றிப் பெற்றவர் என்பது அதன் பொருளாகிவிட்டது. சண்முகம் பிறந்த காலத்தில் நடிகரின் மகனாகப் பிறப்பதில் இப்படி எந்த ஆதாயமும் இருக்கவில்லை. நடிகன் என்றால் கூத்தாடி. குடியிருக்க வீடு கிடைப்பதும், பெண் கொடுக்கச் சம்மதிப்பதும் எளிதன்று. கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்தது தொழில் ஒன்றைத்தான். அந்தத் தொழிலுக்கு அன்று மதிப்பில்லை.

1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அண்ணன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன் சண்முகமும் அதில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஆறு. தம்பி பகவதி பிற்காலத்தில் இவர்களுடன் இணைந்தார். ஆறு வயதில் வீட்டுக்குப் பதிலாகக் கம்பெனி, பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஒத்திகை என்று அவருடைய வாழ்க்கை தொடங்கியது.

எனவே, நாடகக் குடும்பத்தில் பிறந்ததால் நடிப்பு அவர் இரத்தத்தில் ஊறியிருந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். குடும்பம் அவரை மேடையின் வாசலில் கொண்டுபோய் விட்டது. அவரை நடிகராக்கியது கம்பெனி. அக்கால நாடகக் கம்பெனியே ஒரு குடும்பம்போல இயங்கியது. ஒரே இடத்தில் உண்டு, உறங்கி, ஊர் ஊராகச் சென்று, ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்ட பிள்ளைகள் அவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் உருவானவர்களே. அவர்கள் தந்தையர் நடிகர்கள் அல்லர்.

கம்பெனி தந்த கல்வி

சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முற்பட்டதற்குக் காரணம் உண்டு. பெரிய நடிகர்கள் பலர் பாடத்தைப் படிக்காமல் மேடைக்கு வந்தார்கள். வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் மடக்குவதில் கதை காணாமல் போனது. சிறுவர்களுக்கு முதலிலிருந்தே கற்பித்தால் எழுதியதை எழுதியபடி நடிப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்தக் கட்டுப்பாடுதான் சண்முகம் பெற்ற முதல் பாடம்.

நான் பி.எட். படித்து, மயிலாப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, பாலர் சபையின் கல்வி வியப்பையும் வருத்தத்தையும் சேர்த்தே தருகிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசவும் பாடவும் சிறுவர்கள் பழகினார்கள். நூற்றுக்கணக்கான பாடல்களும் வசனங்களும் மனத்தில் நின்றன. சந்தி பிரிக்காமல் வெண்பாவைச் சொன்னால் பொருள் கெடும் என்பதை இலக்கண நூலைத் திறக்காமலே அறிந்தார்கள். என் வகுப்புகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது எளிதில் வரவில்லை.

ஆனால், அதற்குக் கொடுத்த விலை குழந்தைப் பருவம். இரவு முழுதும் நாடகம், பகலில் ஒத்திகை, தாயைப் பிரிந்த வாழ்க்கை. இவை போதாவென்று எந்நேரமும் தலைக்குமேல் தொங்கிய அச்சம் ஒன்று உண்டு. அதற்கு மேடைக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. வளரும் வயதில் குரல் உடைந்தால் பாடமுடியாது. பாடமுடியாத பையனுக்கு வேடம் கிடையாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளையின் தொழில் முடிந்துபோகும். அப்படி முடிந்துபோனவர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. சண்முகத்தைப் போன்று தேறி வந்தவர்களை வைத்து மட்டும் அந்தக் கல்விமுறையைப் புகழ்வது, முதல் மதிப்பெண் பெற்றவனை மட்டும் காட்டிப் பள்ளிக்கு விளம்பரம் செய்வது போன்றது.

சண்முகத்தின் திறமையைச் சுவாமிகள் முதலிலேயே கண்டுகொண்டார். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதினார் என்பதும், அபிமன்யுவாகச் சண்முகம் நடித்தார் என்பதும் நாடக உலகம் மறவாத செய்திகள். 1922 நவம்பர் 13 அன்று சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். அப்போது மாணவருக்குப் பத்து வயதுதான். இருப்பினும் வாழ்நாள் முழுதும் சண்முகம் தம்மை அவருடைய மாணவராகவே சொல்லிக்கொண்டார்.

புராணத்திலிருந்து நடப்புக்கு

1925இல் சகோதரர்கள் சொந்தமாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினர். டி.கே.எஸ். நாடக சபா என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற குழுவின் தொடக்கம் அதுவே. என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி எனப் பலர் இக்குழுவில் வளர்ந்தவர்கள். பல ஆண்டுகளுக்குப் பின் சிறுவனாக இருந்த கமல்ஹாசனும் இக்குழுவின் மேடையில் பயின்றார்.

சுவாமிகளின் புராண நாடகங்களை மட்டும் நடத்திக்கொண்டிருந்தால் இக்குழு பத்தோடு பதினொன்றாக மறைந்திருக்கும். எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்து சமூக நாடகங்களைப் பயிற்றுவித்தது ஒரு திருப்பம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை ஒட்டிய 'மேனகா' மேடையில் வெற்றிபெற்று, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று. புராணப் படங்களே வந்துகொண்டிருந்த காலத்தில் வந்த முதல் சமூகப் படங்களுள் அதுவும் ஒன்று. வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' நாடகத்தைத் 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேற்றியதன் மூலம் விடுதலைப் போராட்டத்திலும் குழு தன் பங்கைச் செலுத்தியது. வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலைத் தழுவி முத்துசாமி எழுதிய 'குமாஸ்தாவின் பெண்' 1941இல் படமானது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் 'அந்தமான் கைதி', அரு. ராமநாதனின் 'இராஜராஜ சோழன்' ஆகியவை பின்னர் வந்தவை. இராஜராஜனாகப் பகவதி நடித்தார். 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியதும் இச்சகோதரர்களே.

இங்கே குடும்பம் என்பதன் உண்மையான பயன் தெரிகிறது. அண்ணன் எழுத, தம்பி நடிக்க, கணக்கையும் கொட்டகையையும் வீட்டார் பார்த்துக்கொள்ள, ஒருவர் தோற்றால் மற்றவர் தாங்கினார்கள். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபாவில் நடித்தவர்களுக்கு வழக்கறிஞர் தொழிலோ அரசுப் பணியோ இருந்தது. நாடகம் தோற்றால் அவர்களுக்கு நட்டம் ஒரு மாலைப் பொழுதே. டி.கே.எஸ். சகோதரர்களுக்கு நாடகம் தோற்றால் அடுத்த வேளைச் சோறு கேள்விக்குறி. அந்த நிலையில் புதிய நாடகங்களை முயன்று பார்த்ததே அவர்களுடைய துணிவுக்குச் சான்று.

ஸ்திரீபார்ட்டும் ஔவையும்

1940களில் 'ஔவையார்' நாடகம் அரங்கேறியபோது, ஆண் ஒருவர் பெண்வேடம் கட்டவேண்டிய கட்டாயம் தமிழ் மேடையில் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் கொண்டே குழு நடத்திப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கே. பி. சுந்தராம்பாள் மேடையில் கொடிகட்டிப் பறந்து முடித்துத் திரைக்கும் வந்துவிட்டார். அப்படியிருக்க, முப்பது வயதை ஒட்டிய சண்முகம் ஏன் கிழவி வேடத்தை ஏற்றார்?

அவருடைய தந்தையின் காலத்து ஸ்திரீபார்ட் நடிகரின் நோக்கம், தாம் ஆண் என்பதைப் பார்வையாளர் மறக்கும்படி செய்வது. இளமை, நளினம், பெண்குரல் ஆகியவை அதற்கான கருவிகள். வள்ளியாகவும் சாவித்திரியாகவும் வந்தவரைப் பெண்ணென்றே நம்பினார்கள் என்பது உயர்ந்த பாராட்டு. அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஓர் ஏளனமும் ஒளிந்திருந்தது. மேடையை விட்டு இறங்கிய பிறகும் அந்த நடிகரை ஊர் முழு ஆணாக மதிப்பதில்லை. முகத்தில் சுருக்கம் விழுந்ததும் வேடமும் போய்விடும்.

ஔவை வேடத்துக்கு இந்தக் கருவிகள் ஒன்றுகூட உதவா. அழகும் நளினமும் வேண்டா. நரைத்த தலை, வளைந்த முதுகு, கையில் கோல், இவற்றுக்கு மேல் அரசனைக் கண்டும் அஞ்சாத பேச்சு வேண்டும். பெண்ணின் உடலைப் போலச் செய்வதைவிட, முதுமையின் அனுபவத்தைக் குரலில் கொண்டுவருவதே இங்கே சவால். நம் கதைகளில் ஔவையே இளமையை வேண்டாமென்று கேட்டு முதுமையைப் பெற்றவர். எந்த இளமை ஸ்திரீபார்ட் நடிகரின் மூலதனமோ, அதையே துறந்த ஒரு பாத்திரத்தைச் சண்முகம் தேர்ந்தார். தந்தையின் தொழிலை அவர் கைவிடவில்லை. அதில் ஒட்டியிருந்த ஏளனத்தைக் கழுவித் துடைத்து, கைகூப்பி வணங்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். என் மதிப்பீட்டில் அவருடைய கலை வாழ்வின் மிகப் பெரிய சாதனை இதுவே.

உலக மேடையோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெளிவாகும். ஜப்பானின் கபுகியில் பெண்வேடக் கலை தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும். மகன் பல நேரங்களில் தந்தையின் மேடைப் பெயரையே ஏற்றுக்கொள்வார். அங்கே மரபு மாறாமல் இருப்பதே பெருமை. பிரான்சின் சாரா பெர்னார் 1899இல் பாரிஸில் ஹாம்லெட்டாக நடித்தார். அங்கே எல்லையை மீறும் துணிவே பெருமை. சண்முகத்தின் ஔவை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரபிலிருந்து வேடத்தை எடுத்துக்கொண்டார். அதன் பொருளை மாற்றினார்.

ஜெமினி நிறுவனம் 1953இல் எடுத்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். இன்று பெரும்பாலோர் மனத்தில் உள்ள ஔவை அவரே. அவருடைய ஔவை பாட்டால் ஆளுபவர். படத்துக்குத் துணையாக யானைகளும் பெருங்கூட்டமும் அரங்க அமைப்புகளும் இருந்தன. மேடை ஔவைக்கு இத்தனை துணையில்லை. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சண்முகம் மறைந்தபோது நான் பள்ளி மாணவன். அவருடைய ஔவையை மேடையில் கண்டவனல்லன். நாடக நடிகரை மதிப்பிடும் எவருக்கும் உள்ள இடர் இது. ஆயினும், ஒரு வேடத்தின் பெயரை மக்கள் தாமாகவே ஒரு நடிகரின் பெயரோடு சேர்த்து, அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு சான்றுதானே.

என் வகுப்பில் நடந்த ஒன்றை இங்கே சொல்லலாம். ஆண்டு விழாவுக்கு ஔவை, அதியமான், நெல்லிக்கனி என்று சிறு நாடகம் எழுதியிருந்தேன். குரல்வளம் மிக்க மாணவன் ஒருவனை ஔவையாக நடிக்கச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் தலைகுனிந்து மறுத்துவிட்டான். மறுநாள் அவர்களுக்குச் சண்முகத்தின் கதையைச் சொன்னேன். விழாவில் அவன் கோலூன்றி வந்து பேசியபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் சண்முகம் தம் காலத்தில் வென்றிருக்கிறார் என்று அன்று எனக்கு விளங்கியது. 1996இல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தின் பெயர் அவருக்குச் செய்த மரியாதை என்றாலும், படத்தில் ஆண் கட்டும் பெண்வேடம் மீண்டும் சிரிப்புக்குரியதாகிவிட்டது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

திரையில் எஞ்சியது

இன்றைய மாணவர்கள் சண்முகத்தின் நடிப்பைப் பார்க்க விரும்பினால், 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்க்கலாம். அதில் அவர் சுப்பிரமணிய சிவாவாக நடித்தார். வ.உ.சி.யாகச் சிவாஜி கணேசனும் பாரதியாக எஸ். வி. சுப்பையாவும் நடித்த படம் அது. சிவாவின் மேடைப் பேச்சுக் காட்சிகளில் கொட்டகைக் குரலின் எடுப்பு தெரியும். சொற்களின் கடைசி எழுத்துவரை தெளிவாக வந்து விழும். நோயுற்ற சிவாவாக வரும் பிற்பகுதியில் அதே குரல் தளர்ந்து ஒலிக்கிறது. ஆனால் தெளிவு குறையவில்லை. அருகிலுள்ள காமிராவுக்கு அவர் நடிப்பு சற்று மிகையாகப் படலாம். அவர் பயின்றது கடைசி வரிசைப் பார்வையாளருக்காக என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அது குறையாகத் தோன்றாது.

குறைகள்

மதிப்பீடு என்றால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நடிகனுக்கு மரியாதை தேடிய முயற்சியே சில இடங்களில் அவர்களுடைய நாடகங்களைக் கட்டிப்போட்டது. மேடை கோயிலாக வேண்டும் என்று எண்ணும்போது, நாடகம் பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. நல்லவர் நல்லவராகவே இருக்கிறார். தீயவர் இறுதியில் திருந்துகிறார் அல்லது தண்டனை பெறுகிறார். விடை தெரியாத கேள்வியோடு பார்வையாளரை வீட்டுக்கு அனுப்பும் நாடகங்கள் குறைவு.

இன்னொன்று, காலமாற்றம். முழுநேரக் கம்பெனிகளைத் தாங்கும் வருவாயைச் சினிமா எடுத்துக்கொண்டது. 1950களுக்குப் பின் சென்னையில் நாடகம் என்பது மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் அலுவலக நேரத்துக்குப் பின் நடப்பது என்றாயிற்று. 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்ற குழுக்களும், கே. பாலசந்தர், சோ ஆகியோரின் குழுக்களும் புதிய பார்வையாளரைப் பிடித்தன. அன்றாடப் பேச்சும் நகைச்சுவையும் அவர்களுடைய பலம். பாட்டும் செந்தமிழும் கலந்த கம்பெனி நடிப்பு அங்கே பழமையாகத் தோன்றியது. டி.கே.எஸ். குழுவில் வளர்ந்த சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் மூலம் புதிய எழுத்தாளர்களைத் தேடிச் சென்றார். மரபுக்கும் புதுமைக்கும் இடையில் அப்படியொரு பாலத்தைச் சண்முகத்தின் குழு முழுமையாகக் கட்டவில்லை.

எழுத்தில் எஞ்சியது

நடிகரின் கலை அவரோடு மறைந்துவிடும் என்பதைச் சண்முகம் நன்கு அறிந்திருந்தார். அதனால்தான் எழுதினார். 1972இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' தமிழ் நாடக வரலாற்றுக்கு இன்றியமையாத நூல். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' படித்தவர்களின் நாடக உலகைக் காட்டுகிறது என்றால், சண்முகத்தின் நூல் நாடகத்தை நம்பிப் பிழைத்தவர்களின் உலகைக் காட்டுகிறது. ஊர்கள், கொட்டகைகள், ஆசிரியர்கள், உடன் நடித்த சிறுவர்கள் என்று எத்தனையோ பெயர்கள் அந்த நூலில் இருப்பதால்தான் இன்றும் இருக்கின்றன. தம்மைப் பற்றி எழுதும் நூலில் மற்றவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நடிகர்கள் அரியர். நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நாடகம், தமிழ், வரலாறு பயிலும் மாணவர்கள் இந்நூலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். தமக்கு நேர்ந்த துன்பங்களை ஆசிரியர் பெரிதாக்குவதில்லை. ஆசிரியர்களிடம் அவருக்கு இருப்பது நன்றியே. அந்த நன்றியை மதித்துக்கொண்டே, சொல்லாமல் விட்ட வலியையும் படிப்பவர் கேட்டறிய வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகளின் உறக்கத்தின்மேல்தான் அந்தக் கலை எழுந்தது.

ஔவை சண்முகம் சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் இன்றும் லாயிட்ஸ் ரோடு என்றால்தான் சட்டென்று விளங்குகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே அது யாருடைய பெயர் என்று கேட்டால் ஒரு கவிஞரின் பெயர் என்றவர்கள் உண்டு. தவறு என்று திருத்தினேன். இப்போது நினைத்தால், அதில் பாதி சரி என்றே தோன்றுகிறது. கூத்தாடியின் மகன் ஒருவர் கவிஞரின் பெயரைத் தாங்கி ஊரின் சாலையில் நிற்கிறார். தந்தைக்குக் கிடைக்காத இடம் அது.